பரோட்டா கல்லும் பைலட் தீயும்

பைலட்னு தலைப்புல பார்த்துட்டு ஏரோப்ளேன் ஓட்டறவரைப் பத்தின பதிவுன்னு உள்ள வந்தவங்க அப்படியே யூ டர்ன் அடிச்சுக்கலாம். இது கேஸ் அடுப்பு பைலட். பெரிய பர்னருக்குப் பக்கத்துல, சுண்டுவிரல் நகம் சைஸுல, யாரும் கண்டுக்காம எரிஞ்சுக்கிட்டே இருக்குமே, அந்தத் தீ. நம்ம வீட்டு அடுப்புல அது கிடையாது. ஓட்டல்ல தோசைக்கல்லு, பரோட்டா கல்லுக்கு அடியில குனிஞ்சு பார்த்தா தெரியும். குனிஞ்சு பார்க்க மாஸ்டர் விடமாட்டார், அது வேற விஷயம் :)

எனக்கு சென்னையில பொட்டி தட்டற வேலை. படிச்சது எலக்ட்ரானிக்ஸ். அடுப்பைப் பத்தி எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, ராதாபுரத்துல எங்க பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டல் வச்சிருக்கார்ங்கிறது ஒண்ணுதான். காலையில இட்லி, தோசை. சாயங்காலம் பரோட்டா, சால்னா. நான் ஸ்கூல் படிக்கிறப்பவே விறகுல இருந்து கேஸுக்கு மாறியாச்சு. இப்ப பரோட்டா கல்லுக்கு அடியில நீளமா மூணு பைப் பர்னர். கூட்டம் இருந்தா மூணும் எரியும், இல்லைன்னா நடுவுல உள்ளது மட்டும். ஒவ்வொரு தடவையும் பேப்பரைக் கொளுத்திக்கிட்டு அடியில கையை விட முடியாதுல்லா? அதுக்குத்தான் பைலட். திருகைத் திறந்தா கேஸ் வரும், பக்கத்துல எரியற குட்டித் தீ அதைப் பத்த வச்சிரும். மாஸ்டர் கை மாவுலயே இருக்கலாம்.

ராதாபுரம் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். திருநெல்வேலி மாவட்டத்தோட தெக்கு ஓரம். வள்ளியூருக்குத் தென்கிழக்க இருக்கு. ஊர்ல வரகுணபாண்டீஸ்வரர் கோயில் பிரபலம். இன்னும் தெக்க போனா கூடங்குளம் அணுமின் நிலையம், அதுவும் ராதாபுரம் தாலுகாதான். மேற்க போனா ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் காத்தாடி. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்துல ஒரு இடைவெளி விடுது. தென்மேற்குப் பருவக்காத்து அதுக்குள்ள பூந்து வர்றதாலதான் அத்தனை காத்தாடியை அங்க கொண்டாந்து நட்டிருக்காங்க. ஆனி, ஆடியில எங்க ஊர்ல கொடியில காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவுல போய்த்தான் எடுக்கணும்.

இப்ப இதை யோசிச்சுப் பாருங்க. கூடங்குளத்துல முதல் யூனிட் 2013ல கிரிட்டோட சேர்ந்தது, ரெண்டாவது 2016ல. ஒண்ணொண்ணும் 1000 மெகாவாட். எங்க பெரியப்பா கடை பைலட் ஒண்ணு ஒரு 250 வாட்னு வச்சுக்கிட்டா, ஒரு யூனிட்டுக்குச் சமமா 40 லட்சம் பைலட் வேணும். வெப்பத்தையும் கரண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பாதேன்னு யாராச்சும் பின்னூட்டத்துல வருவீங்க, தெரியும். சும்மா ஒரு கணக்குதான். விஷயம் என்னன்னா, ஒரு பக்கம் அணு, இன்னொரு பக்கம் காத்தாடி, நடுவுல நாங்க நகம் சைஸ் தீயை அணையாம வச்சிருக்க மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோம்.

போன ஆடியில கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கடையில பைலட் ஒரு சாயங்காலத்துக்கு நாலு தடவை, அஞ்சு தடவை அணையுது. பின்வாசல் மேற்கப் பார்த்தது. யாராச்சும் கதவைத் திறந்தா 'உஸ்'ஸுன்னு ஒரு காத்து, பைலட் காலி. மாஸ்டர் பேப்பரைச் சுருட்டிப் பத்த வைப்பார். அன்னைக்கும் அப்படித்தான், கூட்டம் அதிகம்னு ரெண்டாவது பர்னரைத் திறந்திருக்கார். பைலட் அணைஞ்சு கிடந்தது அவருக்குத் தெரியாது. பத்திருக்கும்னு நினைச்சு அந்தப் பக்கம் திரும்பி மாவை வீச ஆரம்பிச்சுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு கல்லு சூடாகலையேன்னு பேப்பரைக் கொளுத்திக் கிட்ட கொண்டு போனதும் 'தொப்'புனு ஒரு சத்தம். தீ வெளிய ஒரு நாக்கை நீட்டிட்டு உள்ள போயிருச்சு. மாஸ்டர் முழங்கை வரைக்கும் முடி பொசுங்கிப் போச்சு. வேற ஒண்ணும் ஆகலை. முருகன் புண்ணியம்னு பெரியம்மா சொன்னாங்க. மாஸ்டர் என்ன சொன்னார்னு இங்க எழுத முடியாது :)

அந்த இடத்துல எனக்கு விளங்காத ஒண்ணு இருந்தது. பெரியப்பா கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தார். வாசல்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்த எனக்கே வாடை அடிச்சது. அவர் ஒண்ணுமே சொல்லலை.

அதை அப்புறம் சொல்றேன். முதல்ல கணக்கு.

சிலிண்டர்ல இருக்கிறது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ரெண்டுமே காத்தைவிட கனம். புரோப்பேன் ஒண்ணரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. அதனால கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையில பரவிக் கிடக்கும். காத்துல சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கிற அளவுக்கு வந்துரும். பத்துக்குப் பத்து அடுப்படி, தரையில இருந்து ஒரு அடி உயரம்னு வச்சுக்குவோம். அது ஏறக்குறைய 2.8 கன மீட்டர். அதுல 2 சதவீதம்னா 56 லிட்டர் கேஸ். எடையில பார்த்தா சுமார் 120 கிராம். 19 கிலோ சிலிண்டர்ல 120 கிராம் எந்த மூலைக்கு? மணிக்கு அரைக்கிலோ குடிக்கிற பர்னர் பத்தாம திறந்து கிடந்தா கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. மாஸ்டர் கொஞ்ச நேரத்துல கவனிச்சதால முடியோட போச்சு.

மறுநாள் காலையில வள்ளியூர்ல இருந்து அடுப்பு மெக்கானிக் அண்ணாச்சியை வரவழைச்சோம். அறுபது வயசு இருக்கும். டிவிஎஸ் 50ல முன்னாடி ஒரு டூல்ஸ் பெட்டி, வாயில வெத்தலை. வந்ததும் அடுப்பைத் தொடலை. பின்வாசல்ல போய் நின்னு காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பார்த்தார். பெறவு உள்ள வந்து, கல்லைச் சுத்தி ஒரு நடை நடந்தார். எங்க டீம்ல பக் வந்தா முதல்ல லாக் பார்க்காம கோடை மாத்தறவங்களுக்கு இவர்கிட்ட ஒரு வாரம் டிரெயினிங் குடுக்கலாம்.

அவர் செஞ்சதை வரிசையா எழுதறேன். நீங்களே செய்யறதுக்காக இல்லை, உங்க ஊர்ல மெக்கானிக் செய்யும்போது சரியா செய்யறாரான்னு பார்க்கறதுக்காக.

முதல்ல சிலிண்டர் வால்வை மூடினார். லைன்ல மிச்சம் இருந்த கேஸை ஒரு பர்னர்ல எரிய விட்டுத் தீர்த்தார். கல்லு ஆறற வரைக்கும் டீ குடிச்சார். ரெண்டு டீ.

பெறவு பைலட் பைப்பைக் கழட்டினார். மெல்லிசான பைப்பு, நுனியில ஜெட்டு, ஜெட்டுக்குக் கீழ காத்து உள்ள போறதுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில பாதியை மண்ணு அடைச்சிருந்தது. குளவிக்கூடு! காத்து சரியா கலக்கலைன்னா தீ மஞ்சளா, சோம்பலா, ஆடிக்கிட்டே எரியும். அப்படி எரியற தீ லேசான காத்துக்கே அணைஞ்சிரும். பைலட் ஏன் மஞ்சளா இருந்ததுங்கிறதுக்கு விடை கிடைச்சது.

இங்க ஒரு சின்ன சட்டச் சிக்கல். குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பொறக்கும்னு நம்ம பக்கம் நம்பிக்கை உண்டுல்லா? எங்க அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகுது. பெரியம்மா ஓடி வந்து, "அதை உடைக்காதீங்க அண்ணாச்சி"ன்னு நின்னுட்டாங்க. அவர் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, "பிள்ளை வரும்போது வரட்டும் தாயி, இப்ப கேஸ் வரணும்லா"ன்னு சொல்லிட்டு மண்ணைத் தட்டி விட்டுட்டார். குளவி உள்ள இல்லைங்கிறதை மட்டும் பெரியம்மாகிட்ட காட்டிட்டுத்தான் தட்டினார்.

பூச்சி விஷயத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க மக்களே. மாஸ்டா கம்பெனி 2011ல அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான காரைத் திரும்பக் கூப்பிட்டது எதுக்குன்னு தெரியுமா? பெட்ரோல் டேங்க்ல இருந்து ஆவி போற குழாயில சிலந்தி வலை கட்டிருச்சு. 2014ல மறுபடியும் அதே சிலந்தி, அதே ரீகால். எட்டுக்கால் பூச்சி அங்க, குளவி இங்க.

அடுத்தது ஜெட்டு. நான் ஆர்வக்கோளாறுல சட்டைப் பையில இருந்து ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, ஜெட்டு ஓட்டைங்கிறது அளவு பார்த்துப் போட்டது. ஊசியை வச்சுக் குடைஞ்சா பெருசாயிரும். பெறவு எத்தனை திருகினாலும் அடங்காது." வெந்நியும் சோப்பும் போட்டு ஊற வச்சு, மெல்லிசு பிரஷ்ஷால தேய்ச்சு, ஊதினார். அவர் சொன்னதுக்குப் பின்னாடி கணக்கு இருக்கு. ஓட்டையோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். விட்டம் 10 சதவீதம் கூடினா கேஸ் 21 சதவீதம் கூடும். நான் படிச்சு வாங்கின பட்டம் அவர் வெத்தலையோட சொன்ன வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு எழுத உதவுது :)

திரும்ப மாட்டிப் பத்த வச்சு, குட்டி வால்வைத் திருகித் தீயோட அளவைச் சரி பண்ணினார். இதுலதான் எனக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் இருந்தது. பைலட்டை மட்டும் எரிய விட்டு அளவு வைக்கக் கூடாதாம். மூணு பர்னரையும் முழுசாத் திறந்து எரியவிட்டுத்தான் வைக்கணும். ஏன்னா மூணும் குடிக்கும்போது லைன்ல அழுத்தம் குறையும், பைலட் தீ சுருங்கும். சும்மா இருக்கும்போது அழகா நிக்கிற தீ, கூட்ட நேரத்துல காணாமப் போகும். நாங்க இதை லோடு டெஸ்டிங்னு சொல்லி தனியா ஆள் போட்டுச் செய்யறோம்.

தீ எப்படி இருக்கணும்? நீலமா, அசையாம, பர்னரோட முதல் ஓட்டையைத் தொட்டுக்கிட்டு. மஞ்சளா இருந்தா காத்து போதலை. 'ஸ்ஸ்'ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஜெட்டை விட்டு எகிறி நின்னா காத்தோ அழுத்தமோ அதிகம். பெரிய பர்னரைத் திறந்த ரெண்டு செகண்டுக்குள்ள சத்தமில்லாம பத்தணும். 'தொப்'புனு பத்தினா பைலட் தள்ளி இருக்கு, இல்லைன்னா சின்னதா இருக்குன்னு அர்த்தம்.

கடைசியா மேற்குப் பக்கம் ஒரு தகரம் வளைச்சு மாட்டினார். முழுசா மூடலை, அடியில காத்து போக வழி விட்டார். தீக்குக் காத்தும் வேணும், காத்து அடிக்கவும் கூடாது. பின்வாசலைத் திறந்து போட்டு அரை மணி நேரம் உக்காந்து பார்த்தார். பைலட் அசையலை.

இதோட பதிவை முடிச்சிருக்கலாம். ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததுக்காகத்தான் இதை எழுத உக்காந்தேன்.

எல்லாத்தையும் அணைச்சு, சிலிண்டரை மூடி, லைனை எரிச்சுத் தீர்த்துட்டு, ஜாயிண்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி தடவறதுக்கு ரெடியானார் அண்ணாச்சி. அப்ப பெரியப்பாவைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்கன வந்து கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. வாடை வருதா?"

பெரியப்பா குனிஞ்சார். மூச்சை இழுத்தார். "ம்... லேசா வருது."

அண்ணாச்சி கை சிலிண்டர் வால்வு மேல இருந்தது. அது மூடியிருந்தது. எனக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். யாரும் பேசலை. அண்ணாச்சி, "சரி, பார்த்துருவோம்"னு மட்டும் சொல்லிட்டு சோப்புத் தண்ணியைத் தடவ ஆரம்பிச்சார்.

வண்டி வரைக்கும் நான் கூடப் போனேன். அங்க வச்சுத்தான் சொன்னார். "வயசான ஓனர் இருக்கிற எந்தக் கடைக்குப் போனாலும் இதை ஒரு தடவை கேட்டுப் பார்த்துருவேன் தம்பி. மூடி வச்சுட்டு ஒரு தடவை, திறந்து வச்சுட்டு ஒரு தடவை. அடுப்பை மட்டும் சரி பண்ணிட்டுப் போனா பாதி வேலைதான். மூக்கையும் பார்க்கணும்லா?"

கேஸுக்குன்னு சொந்தமா வாடை கிடையாது. நமக்கு அடிக்கிற அந்த அழுகின வாடை, எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தகச் சரக்கு. கசிஞ்சா தெரியணும்னு வேணும்னே கலக்கறாங்க. நூறு கோடிப் பங்குல ஒரு சில பங்கு இருந்தாலே மனுஷ மூக்கு கண்டுபிடிச்சிரும். மொத்தப் பாதுகாப்பும் ஒரு நல்ல மூக்கை நம்பித்தான் இருக்கு. வயசானா அந்த மூக்கு மங்கும். கொரோனாவுல நிறைய பேருக்குப் போச்சு, சிலருக்குத் திரும்பி வரவே இல்லை. மூக்கு நல்லா இருந்தாலும் கொஞ்ச நேரம் அதே வாடையில நின்னா பழகிப்போய் தெரியாமப் போகும்.

அன்னைக்கு ராத்திரி கடை அடைச்ச பெறவு பெரியப்பாவே பேச்சை எடுத்தார். திண்ணையில உக்காந்திருந்தோம்.

"2021ல கொரோனா வந்துச்சுல்லா, அப்ப போனதுலே. ருசி கொஞ்சம் திரும்பி வந்துச்சு. மணம் வரலை. மல்லித்தழையும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான்."

ஓட்டல்காரர். சால்னா கொதிக்கும்போது வாசல்ல நின்னுக்கிட்டே உள்ள பட்டை கூடிப்போச்சு, சோம்பு போதலைன்னு சொன்னவர். இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லாம சமாளிச்சிருக்கார். எண்ணெய் மேல பிரியற விதத்தைப் பார்ப்பாராம். கொதிக்கிற சத்தத்தைக் கேப்பாராம். முதல் பந்தியில உக்கார்றவர் முகத்தைப் பார்ப்பாராம். "வெளிய சொன்னா அந்தக் கடையில மூக்கில்லாதவன் சால்னா வைக்கான்னு பேசுவானுவ"ன்னார்.

உள்ள பாய் விரிச்சுக்கிட்டு இருந்த பெரியம்மா குரல் மட்டும் வந்தது. "தினமும் உப்பு பாரு, உப்பு பாருன்னு எங்கிட்ட கரண்டியை நீட்டும்போதே எனக்குத் தெரியும். உப்பு பார்க்க நாக்கு போதும். நான் மணத்தையும் சேர்த்துத்தான் பார்த்தேன்."

பெரியப்பா ஒண்ணும் சொல்லலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார்.

மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன வழி இதுதான். பைலட்டோட சேர்த்து ஒரு சேஃப்டி வால்வு போடறது. பைலட் அணைஞ்சா தானா கேஸை நிறுத்திரும். பெரியப்பா விலையைக் கேக்கவே இல்லை. "அதை மாட்டினா எனக்கு மூக்கு போனது ஊருக்கே தெரிஞ்சிரும்லா"ன்னார். அண்ணாச்சி போன்ல சொன்ன பதில்: "நல்ல அடுப்புல எல்லாம் கம்பெனிக்காரனே மாட்டித்தான் அனுப்புறான் அண்ணாச்சி. வாங்குறவன் அத்தனை பேருக்குமா மூக்கு போச்சு?" அதுக்கு மேல பெரியப்பாகிட்ட வாதம் இல்லை. ரெண்டு நாள் கழிச்சு நாகர்கோவில்ல இருந்து சாமான் வந்தது.

அது வேலை செய்யற விதம் ரொம்ப அழகு. ரெண்டு வேற வேற உலோகத்தைச் சேர்த்து, சேர்ந்த நுனியைச் சூடாக்கினா ரொம்பக் கொஞ்சமா மின்சாரம் வரும். 1821ல சீபெக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. அந்த நுனியை பைலட் தீக்குள்ள வச்சிருவாங்க. இருபது, முப்பது மில்லிவோல்ட்தான் வரும், ஒரு டார்ச் லைட்டுக்குக் கூடப் பத்தாது. ஆனா ஒரு குட்டி மின்காந்தத்தைப் பிடிச்சு நிறுத்தப் போதும். அந்தக் காந்தம்தான் வால்வைத் திறந்து வச்சிருக்கு. தீ அணைஞ்சா நுனி ஆறும், மின்சாரம் நிக்கும், ஸ்பிரிங் வால்வை மூடிரும். பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை. தீயே தான் உயிரோட இருக்கிறதை ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கிட்டு இருக்கு, சொல்லறதை நிறுத்தினா கதவு சாத்திரும். பொட்டி தட்டறவங்களுக்குச் சொல்லணும்னா வாட்ச்டாக் டைமர், ஹார்ட்பீட். சர்வர் ரூம்ல நாம பண்றதை ஒரு செம்புக் கம்பி சத்தமில்லாம பண்ணிக்கிட்டு இருக்கு.

பத்த வைக்கும்போது குமிழை அழுத்திப் பிடிச்சு, தீ வந்த பெறவும் இருபது, முப்பது செகண்ட் விடாமப் பிடிச்சிருக்கணும். நுனி சூடாகணும்ல. விட்டதும் அணைஞ்சா, நுனி தீக்குள்ள சரியா இல்லை, இல்லைன்னா கரி பிடிச்சிருக்கு, இல்லைன்னா பின்னாடி இருக்கிற இணைப்பு லூஸ். தீயோட மேல் பகுதி நுனியைச் சுத்தி நிக்கணும்.

மாட்டி முடிச்சதும் சோதனை. அண்ணாச்சி பைலட்டை ஊதி அணைச்சார். "எண்ணுங்க அண்ணாச்சி"ன்னார். பெரியப்பா எண்ணினார். இருபது. முப்பது. அடுப்படியில ஒரு சத்தம் இல்லை. முப்பத்தாறுல 'டக்'.

"மூக்கு போனா என்னலே, காது இருக்குல்லா"ன்னார் பெரியப்பா. மறுபடியும் ஒரு தடவை அணைக்கச் சொல்லி எண்ணினார். அப்புறம் அவரே ஒரு தடவை அணைச்சு எண்ணினார். அன்னைக்கு மட்டும் எத்தனை தடவைன்னு நான் எண்ணலை.

செலவு விஷயத்துல பெரியம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. எந்நேரமும் சும்மா எரியுதேன்னு. நியாயமான கேள்விதான். 250 வாட் பைலட்டுக்கு மணிக்கு சுமார் 20 கிராம் கேஸ். ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னா மாசம் ஏழு கிலோவுக்கு மேல, 19 கிலோ சிலிண்டர்ல மூணுல ஒரு பங்கைத் தாண்டுது. இந்த விரயத்துக்காகவே அமெரிக்காவுல 2012ல இருந்து புதுசா செய்யற வீட்டு அடுப்புகள்ல எப்பவும் எரியற பைலட் வைக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க. பழைய காலத்துலயும் அணையாத தீ ஒண்ணும் இலவசமா எரியலை. சோழர் காலக் கல்வெட்டுகள்ல, கோயில்ல ஒரு நந்தா விளக்கு எரியறதுக்கு 96 ஆடு குடுத்ததாப் பல இடத்துல வரும். தினம் ஒரு உழக்கு நெய்க்கு அத்தனை ஆடு. அதுக்குப் பேர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், கிழடாகும், ஆனா வாங்கினவர் குட்டிகளை வச்சு எண்ணிக்கையைக் குறையாம பார்த்துக்கணும். அணையாத விளக்குன்னா அணையாம பார்த்துக்கற ஆள்னு அர்த்தம். எங்க கடையில முடிவானது இது: காலை தோசை முடிஞ்சதும் பைலட்டை அணைச்சிரணும், சாயங்காலம் பரோட்டாவுக்கு முன்னாடி பத்த வைக்கணும். பெரியம்மாவுக்குச் சம்மதம்.

நான் சென்னைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஒரு கேஸ் அலாரமும் வாங்கி மாட்டிட்டு வந்தேன். அதைச் சுவத்துல மேல மாட்டாதீங்க, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல மாட்டுங்க. கேஸ் கீழதான் வரும்.

உங்க வீட்டுல பைலட் இருக்காது. ஆனா வயசான அப்பா, அம்மா இருப்பாங்க, சிலிண்டர் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கேஸைத் திறந்தெல்லாம் சோதிக்க வேணாம். காப்பித்தூள் டப்பாவை, கண்ணை மூடச் சொல்லி மூக்குக்கிட்ட நீட்டுங்க. காலி டப்பாவையும் ஒரு தடவை நீட்டுங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா யோசிங்க. ஆரஞ்சு டியூப் வாங்கி அஞ்சு வருஷம் ஆயிருந்தா மாத்திருங்க. வாடை அடிச்சா சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாம வெளிய வந்து 1906க்கு போன் போடுங்க.

இதையெல்லாம் எழுதட்டுமான்னு பெரியப்பாகிட்ட போன்ல கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "எழுது. நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரிதான். ஆனா சால்னா நல்லாருக்கும்னும் சேர்த்து எழுதுலே"ன்னார்.

சால்னா நல்லா இருக்கும் மக்களே. ராதாபுரம் பக்கம் வந்தா சொல்லுங்க.